ஒரு நாற்காலி கேட்க எத்தனை சதவீதம் வேண்டும்?

மயிலம் முருகன் கோயில் குன்றில் காலைப் பூசை மணி அடிக்கும்போதே கீழே சாலையில் கம்பெனி வேன்கள் வந்து நின்றுவிடும். ஒன்று சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் போகும். இன்னொன்று கூட்டேரிப்பட்டு போய் நெடுஞ்சாலை ஏறித் திண்டிவனம் பக்கம் திரும்பும். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாகப் பிள்ளைகள் ஏறி உட்காருகிறார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். பார்த்தால் ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியாது.

ஒருவருக்கு வலிப்பு நோய் இருக்கலாம். மணிபர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் மாத்திரை அட்டை இருக்கும், மருந்தின் பெயர் அச்சிட்ட ஓரம் மட்டும் கத்தரிக்கப்பட்டு. இன்னொரு பெண்ணுக்கு வலது காது கேட்காது. எந்த வேனிலும் அவள் வலப்பக்கச் சன்னலோரத்தில்தான் உட்காருவாள். அப்போதுதான் கேட்கிற காது தோழிகள் பக்கம் இருக்கும். முடக்குவாதம் உள்ளவருக்குக் காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவருக்குப் பத்து மணி வரை தலை கனத்தே இருக்கும்.

இவர்களில் யாரும் சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்வதில்லை. "அம்மா வீட்ல தனியா இருக்காங்க சார், நைட் ஷிப்ட் வேணாம்" என்பார்கள். "வயித்து வலி", "சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்", "பஸ்ஸை விட்டுட்டேன்" என்பார்கள். ஒரு பொய் இரண்டு மாதம் தாங்கும். ஆறாவது மாதம் வலிப்பு நோயுள்ள அந்தப் பையனுக்கு "அடிக்கடி லீவு போடுறவன்" என்று பெயர் வந்துவிடும். வருடக் கடைசியில் ஆள் குறைக்கும்போது முதலில் அடிபடுவது அந்தப் பெயர்தான். வேலையைச் செய்ய முடியாமல் அவன் வெளியே போகவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் வெளியே போனான்.

இத்தனைக்கும் அவனுக்குத் தேவைப்பட்டது பெரிய விஷயம் இல்லை. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டிவிடும் முக்கியக் காரணங்களில் ஒன்று. வாரம் ஒரு ஷிப்ட் என்று மாற்றிக்கொண்டே போனால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் வலிப்பு வரக்கூடும். பகல் ஷிப்டையே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் போதும். காது கேட்காத பெண்ணுக்கு அவள் மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினால் போதும். கம்பெனிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பேருந்தில் மாற்றுத்திறனாளிகள் இருக்கைக்கு மேலே வரைந்திருக்கும் படம் சக்கர நாற்காலிதான். நம் கண் அதற்குப் பழகிவிட்டது. கோலோ, கறுப்புக் கண்ணாடியோ, செயற்கைக் காலோ இருந்தால் எழுந்து இடம் கொடுக்கிறோம். வெளியே தெரியாத குறைபாட்டோடு உட்கார்ந்திருப்பவரை "வயசுப் பொண்ணுதானே, எழுந்திரும்மா" என்கிறோம். சட்டமும் நெடுநாள் அப்படித்தான் பார்த்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழே வகைகள். அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதை 21 ஆக்கியது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா என்று பார்த்தவுடன் தெரியாத பல நிலைகள் அந்தப் பட்டியலுக்குள் வந்தன. மனநோய் பழைய சட்டத்திலேயே இருந்தது. புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஆனால் ஊரில் பேசப்படுவது 21 என்ற எண் இல்லை. 40 என்ற எண்.

"எத்தனை பர்சென்ட் போட்டாங்க?" சான்றிதழ் வாங்கப் போய்வந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. மயிலம், திண்டிவனம் பகுதிக்காரர்கள் இதற்காக முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார்கள். இல்லையென்றால் முகாம் நடக்கும் நாளைப் பார்த்து வைத்திருப்பார்கள். செவித்திறன் சோதனையில் ஹெட்போன் மாட்டி ஒரு சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். 'பீப்' சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சத்தம் குறைந்துகொண்டே போகும். கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டோமா என்று தனக்கே சந்தேகம் வரும் இடத்தில் விரல் தடுமாறும். சட்டத்தின் அட்டவணைப்படி செவித்திறன் குறைவு என்பதற்கு இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். வலது காது முழுக்கப் போய் இடது காது நன்றாக இருக்கிற பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள். "உங்களுக்கு வராதும்மா" என்ற பதிலோடு பஸ் ஏறுவாள். விதிப்படி அந்தப் பதில் சரி. அதோடு எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வதுதான் தவறு. அது தவறு என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

40 சதவீதம் எதற்காக? அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்காக. சட்டம் இரண்டு பேரைத் தனித்தனியாக வரையறுக்கிறது. ஒருவர் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உடையவர், ஒதுக்கீடு அவருக்கு. மற்றவர் வெறுமனே 'மாற்றுத்திறனாளி'. உடலிலோ மனத்திலோ அறிவிலோ புலனிலோ நீண்டகாலக் குறைபாடு இருந்து, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து அது மற்றவர்களுக்குச் சமமாக வாழவிடாமல் செய்தால் அவர் மாற்றுத்திறனாளி. இந்த இரண்டாவது வரையறையில் சதவீதமே இல்லை. வேலையிடத்தில் 'தகுந்த வசதி' கேட்கும் உரிமை இந்த இரண்டாமவருக்கும் உண்டு. தேவையான, பொருத்தமான மாற்றத்தை, நிறுவனத்தின்மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்து தருவதுதான் தகுந்த வசதி. அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் இரண்டாவது பிரிவு சொல்கிறது.

இதை உச்ச நீதிமன்றம் உரக்கச் சொல்ல வைத்தது ஒரு கை. விகாஷ் குமார் என்ற தேர்வருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு. சிவில் சர்வீசஸ் தேர்வுக்குச் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். குறிப்பிட்ட சில வகையினருக்கும் 40 சதவீதத்துக்கு மேலிருப்பவர்களுக்கும்தான் தர முடியும் என்றது யுபிஎஸ்சி. டெல்லி எய்ம்ஸ் அவருக்குக் கணக்கிட்ட குறைபாடு 6 சதவீதம். 2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டுக்கான அளவுகோலைத் தகுந்த வசதிக்கும் போடக் கூடாது, ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 40க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது இந்தத் தீர்ப்பால்தான். திண்டிவனத்துப் பயிற்சி மையங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. அது நம் மின்வாரியத்தில் நடந்தது.

நிறக்குருட்டைச் சோதிக்க ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பல நிறப் புள்ளிகள். சாதாரணக் கண்ணுக்கு நடுவில் ஓர் எண் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரிக்க முடியாத கண்ணுக்கு வேறு எண் தெரியும், அல்லது வெறும் புள்ளிகள்தான் தெரியும். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை இது. நூறு வருடத்துக்கு மேலாகியும் கண் சோதனை மேசையை விட்டுப் போகவில்லை. மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒரு பொறியாளருக்கு மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு என்று தெரிந்தது. வேலை மறுக்கப்பட்டது.

வாரியத்தின் பயத்தைப் புரிந்துகொள்ள முடியும். மின் வேலையில் நிறம்தான் மொழி. மூன்று பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், எர்த்துக்குப் பச்சை. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் உயிர் போகும். ஆனால் உதவிப் பொறியாளர் என்றால் எப்போதும் வயரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர் இல்லை. திட்டமிடல், கணக்கு, மேற்பார்வை என்று எத்தனையோ இருக்கைகளில் ஏ.இ.க்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அந்தப் பொறியாளருக்குச் சாதகமாகச் சொன்னார். டிவிஷன் பெஞ்ச் அதைப் புரட்டிப் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு 2023 அக்டோபர் 16 அன்று அவருக்கு ஏ.இ. வேலை கொடுக்கவும், நிறம் பார்க்கும் ஆபத்து இல்லாத, அவர் பயன்படக்கூடிய பிரிவில் அமர்த்தவும் மின்வாரிய நிறுவனமான டான்ஜெட்கோவுக்கு உத்தரவிட்டது. முகமது இப்ராகிம் எதிர் டான்ஜெட்கோ என்று தேடினால் தீர்ப்பு கிடைக்கும்.

இந்தத் தீர்ப்பில் ஊன்றிப் பார்க்க வேண்டியது, சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் நிறக்குருடு இல்லவே இல்லை என்பதுதான். ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விடும் அளவுக்கு அது குறை. சலுகை கேட்டால் மட்டும் அது குறை இல்லை. இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரைத்தான் நீதிமன்றம் வெளியே இழுத்தது. வலிப்பும் அட்டவணையில் பெயர் சொல்லி இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோய் இல்லை. ஒரு காது மட்டும் கேட்காததும் இல்லை. இவர்கள் எல்லோரும் அதே இரண்டு கதவுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். டான்ஜெட்கோ இப்போது பிரிந்து பெயரும் மாறிவிட்டது. தீர்ப்பு மாறவில்லை.

மனநோய் என்றால் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. அங்கே நோயின் அடையாளமே ஒழுங்கீனமாகப் படும். நேரத்துக்கு வராதது, சட்டென்று கத்திவிடுவது, யாரோடும் பேசாமல் இருப்பது எல்லாம் மெமோவில் 'நடத்தைக் குறைபாடு' என்று ஏறும். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தன. அவர்மீது துறை விசாரணை நடந்தது. அந்த நடத்தையில் நோய்க்கும் பங்கு இருக்கும்போது விசாரணை நடத்துவது மறைமுகப் பாகுபாடு என்று 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. படைப் பிரிவுக்கே இது பொருந்தும் என்றால் மயிலத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்துக்கு ஏன் பொருந்தாது?

இவ்வளவு இருந்தும் ஆட்கள் ஏன் கேட்பதில்லை? சொன்னால் வேலை போகும் என்ற பயம் ஒன்று. பெண் என்றால் கல்யாணப் பேச்சு வரை அது போகும் என்ற பயம் இன்னொன்று. வலிப்பு என்று தெரிந்தால் பக்கத்தில் உட்கார யோசிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் விழுந்து துடிக்கும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இரும்பு எதையும் நிறுத்தாது. சுற்றி இடம் விட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இந்த நான்கு வரியை ஷிப்ட் தொடங்குமுன் எல்லோருக்கும் சொல்லிவைப்பதும் தகுந்த வசதிதான்.

சொல்லாமலே வசதி கிடைக்கிற வழியும் இருக்கிறது. திண்டிவனம் நேரு வீதியிலும் விழுப்புரத்திலும் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே துணி காட்டிய பெண்களை நினைத்துப் பாருங்கள். கோழிக்கோட்டில் பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் போராடியதால் 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும்படி வைக்கக் கூடாது, வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். மாற்றுத்திறனாளிகளுக்காகக் கொண்டுவந்த சட்டம் இல்லை இது. ஆனால் முடக்குவாதம் உள்ள பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. எல்லோருக்கும் ஸ்டூல் போட்ட கடையில் அவள் தன் நோயின் பெயரை முதலாளியிடம் சொல்ல வேண்டியதே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து உட்காருவாள். ஸ்டூல் இன்னும் வராத கடைகளில் தொழிலாளர் துறை கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

"ஒருத்தனுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பான் சார்" என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்வது. நம் கிராமத்துக்கு இது புதுசு இல்லை. நூறு நாள் வேலையில் மண் வெட்ட முடியாதவருக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று கொடுத்தார்கள். வெட்டத் தெம்புள்ளவர்கள் எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்க வந்துவிடவில்லை. முடியாதது எது என்று ஏரிக்கரையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லா வேலையும் எல்லோருக்கும் முடியும் என்று சட்டமும் சொல்லவில்லை. வலிப்பு கட்டுப்படாதவரை உயரத்தில் ஏற்றக் கூடாது, வண்டி ஓட்ட விடக் கூடாது. அவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் பேச்சு.

சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கு 20ஆவது பிரிவு உறுதியான பிடி. பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியாரில் இருப்பவருக்கு அந்தப் பிடி இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, இணையதளத்திலோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரைதான். ஒரு கம்பெனிக்கு அது ஒரு நாள் டீசல் செலவுகூட ஆகாது. இது போதாது. தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய விஷயம் இது. சம்பள உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

இருப்பதை வைத்து எப்படிக் கேட்பது? விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிற மனுக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை தெரியும். 'வறுமையில் வாடும்', 'ஆதரவற்ற', 'தாங்கள் கருணை கூர்ந்து'. பசிக்கு எழுதும் மனுவுக்கு அந்த நடை பழகிவிட்டது. வேலையிடத்தில் வசதி கேட்கும் கடிதத்துக்கு அது வேண்டாம். கருணை காட்டுபவர் நாளைக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நோயின் வரலாறும் வேண்டாம். என்ன வேலை, எதில் சிரமம், எந்த மாற்றம் இருந்தால் செய்வேன் என்பதுதான் வேண்டும். இப்படி எழுதலாம்:

"ஐயா, பேக்கிங் பிரிவில் 3 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எனக்கு நீண்டகால நரம்பியல் குறைபாடு உள்ளது. சிகிச்சையில் இருக்கிறேன். இரவுத் தூக்கம் தடைப்படக் கூடாது என்று மருத்துவர் கூறியுள்ளார். சான்று இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் கழித்து இந்த ஏற்பாடு எப்படிப் போகிறது என்று சேர்ந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன்."

மருத்துவர் சான்றிலும் இதே ஒழுங்கு வேண்டும். 'இன்ன நோய்' என்று மட்டும் எழுதிய சீட்டு பயமுறுத்தும். 'இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும், மற்றப் பணிகளுக்குத் தகுதியானவர்' என்று எழுதிய சீட்டுதான் வேலை செய்யும். மனநல சிகிச்சை என்றால், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது.

கேட்டதை மறுத்தால் எங்கே போவது? அரசு அலுவலகம் என்றால் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்தில் அவர் விசாரிக்க வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால் மாவட்டக் குழு. தனியார் என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். புதுச்சேரிப் பகுதியான சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் இருக்கைச் சட்டம் எல்லை தாண்டிச் செல்லாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் அங்கேயும் செல்லும். ஆனால் புகார் போக வேண்டிய இடம் புதுச்சேரி.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது; தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் என்றே கேட்டு, ரசீதைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.